அடி 80 ரூபாய் என்றார்கள். பில் ஒரு லட்சம் வந்தது!

இரவு 2 மணி இருக்கும். கைபேசி ஒலித்தது. எடுத்தால் என் தாய்மாமா. பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.

“மாப்ள, 600 அடி போயாச்சு. தண்ணியும் வந்துருச்சு. ஆனா பில்லு ஒரு லட்சம்ங்கறாங்க. நீ 64,000 ரூபாதானே ஆகும்னு எழுதிக் குடுத்தே?”

எழுதிக் கொடுத்தது நான்தான். மூன்று ஆழ்துளைக் கிணறு கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, “இதுதான் குறைச்சல், இவங்களையே கூப்பிடுங்க மாமா” என்று சொன்னதும் நான்தான். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு என்ன செலவு, என்ன வரவு என்று விவசாயிகளுக்கு வகுப்பு எடுப்பவன். அந்த இரவில் என் கணக்கு 36,000 ரூபாய் தப்பிப் போனது.

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். விவசாயி வாங்கும் பொருளிலும் சேவையிலும் ‘மறைந்த செலவு’ எப்படி நுழைகிறது, அதில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடப் புத்தகம் அது. அதை இங்கே பிரித்து வைக்கிறேன்.

கணக்கு எங்கே தப்பியது?

சேலம் மாவட்டத்தில் மாமாவுக்கு 3 ஏக்கர் நிலம். மஞ்சளும் மரவள்ளியும்தான் வெள்ளாமை. திறந்தவெளிக் கிணறு வற்றிப்போன பிறகு, சித்திரையில் போர் போட்டுவிட்டு, வைகாசியில் மஞ்சள் நடலாம் என்பது திட்டம். கையில் இருந்தது நகையை அடகு வைத்து வாங்கிய பணமும், விதை மஞ்சளுக்கென்று ஒதுக்கிய பணமும்.

முதல் கம்பெனி ஒரு விசிட்டிங் கார்டின் பின்புறம் இரண்டே வரி எழுதிக் கொடுத்தது. அடிக்கு 80 ரூபாய். கேசிங் பைப் அடிக்கு 400 ரூபாய். எங்கள் பக்கத்தில் 600 அடி வரை போக வேண்டியிருக்கும், பைப் 40 அடி போதும் என்றார்கள். துளை போட 48,000, பைப்புக்கு 16,000, ஆக 64,000 ரூபாய். நான் போட்ட கணக்கு இதுதான்.

இரண்டாவது கம்பெனிக்காரர் முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். முதல் 300 அடி வரை அடிக்கு 90 ரூபாய். அடுத்த 100 அடிக்கு 95. அதற்கடுத்த 100 அடிக்கு 100. 500 முதல் 600 அடி வரை 110 ரூபாய். பைப் அடிக்கு 380 ரூபாய். மேல்மண்ணைப் பொறுத்து 40 முதல் 80 அடி வரை இறக்க வேண்டி வரலாம். வண்டி வாடகை, ஆட்கள் பேட்டா, பிளஷிங், மூடி எல்லாம் இதற்குள் அடக்கம். 600 அடிக்கும், அதிகபட்ச பைப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் 87,900 ரூபாய் வந்தது. மூன்றாவது கொட்டேஷன் முதலாவதைப் போலவே இரண்டு வரி. அடிக்கு 5 ரூபாய்தான் கூடுதல்.

64,000 எங்கே, 87,900 எங்கே? எந்த விவசாயியும் எடுக்கும் முடிவைத்தான் நானும் எடுத்தேன்.

வந்த பில் இப்படி இருந்தது. முதல் 300 அடிக்கு அடிக்கு 80 வீதம் 24,000. அடுத்த 100 அடிக்கு 90 வீதம் 9,000. அடுத்த 100 அடிக்கு 100 வீதம் 10,000. கடைசி 100 அடிக்கு 120 வீதம் 12,000. துளைக்கு மட்டும் 55,000 ரூபாய். பைப் 80 அடி இறங்கியதால் 32,000. பிளஷிங் 5,000. வண்டி வாடகை 4,000. ஆட்கள் பேட்டா 3,000. வெல்டிங், மூடிக்கு 1,000. மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்.

அதாவது, நான் ‘விலை அதிகம்’ என்று ஒதுக்கிய இரண்டாவது கம்பெனியைக் கூப்பிட்டிருந்தால் மாமாவுக்கு 12,100 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

தெரியாத செலவு வேறு, சொல்லாத செலவு வேறு

கூடுதலாக வந்த 36,000 ரூபாயையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அது நியாயமும் இல்லை.

போர் போடும்போது முதலில் மேலே உள்ள மண்ணையும் சிதைந்த பாறையையும் துளைத்துக்கொண்டு போவார்கள். கெட்டிப் பாறை தட்டுப்பட்டதும், மேல்மண் சரிந்து குழியை மூடாமல் இருக்க அதுவரை பிவிசி பைப் இறக்குவார்கள். அதன் பிறகுதான் பாறையில் துளை போவது. கெட்டிப் பாறை 40 அடியில் இருக்குமா, 80 அடியில் இருக்குமா என்பது துளைக்கும் முன் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தக் கூடுதல் 40 அடி பைப்புக்கான 16,000 ரூபாய் பூமி கேட்ட பணம். அதை அந்தக் கம்பெனி மேல் போட முடியாது. ‘கூடவும் ஆகலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதோடு சரி.

மீதி 20,000 ரூபாய் அப்படியல்ல. 300 அடிக்குக் கீழே ரேட் ஏறும் என்பது வண்டி கிளம்பும் முன்பே கம்பெனிக்குத் தெரியும். வண்டி ஓடி வந்துதான் ஆக வேண்டும், ஆட்களுக்குப் பேட்டா கொடுத்துத்தான் ஆக வேண்டும், துளை முடிந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். இதில் எதுவும் அன்று இரவு திடீரென்று முளைத்ததல்ல. தெரிந்தும் எழுதவில்லை.

விலை விஷயத்தில் நேர்மையை அளக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் இது ஒன்றுதான்: விலை சொல்லும் நேரத்தில் இந்தச் செலவு வரும் என்று விற்பவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அது தொழிலின் நிச்சயமின்மை. ‘இப்படி ஆனால் இவ்வளவு ஆகும்’ என்று சொல்லிவிட்டால் போதும். தெரியும் என்றால், சொல்லாமல் விட்டது தவறு. மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை. பில் போடும்போது மட்டும் ஒரு ரூபாய்கூட மறப்பதில்லையே!

“கேட்கவில்லையே?”

இதைப் பற்றிப் பேசினால் விற்பவர்கள் வழக்கமாக மூன்று பதில் சொல்கிறார்கள்.

முதலாவது, ‘இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தானே’ என்பது. ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ முறை போர் போடும் விவசாயிக்கு எப்படித் தெரியும்? விற்பவருக்குத் தினமும் நடக்கும் வியாபாரம், வாங்குபவருக்கு ஆயுளில் ஒருமுறை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதுதான் முறை.

இரண்டாவது, ‘அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை’ என்பது. ஒரு விஷயம் இருக்கிறது என்றே தெரியாதவர் அதைப் பற்றி எப்படிக் கேட்பார்? பிளஷிங் என்ற சொல்லையே மாமா பில்லில்தான் முதன்முதலில் பார்த்தார்.

மூன்றாவது, ‘நான் மட்டும் முழுசாகச் சொன்னால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும்’ என்பது. இந்தப் பதிலில் மட்டும் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மூன்று பதிலிலும் காணாமல் போவது ஒன்று உண்டு. மறைந்த செலவில் விவசாயி இழப்பது பணத்தை மட்டுமல்ல. முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துத்தான் இழக்கிறார். மாமாவின் போரில் 430 அடியில் சிறிதாக ஓர் ஊற்று கிடைத்தது. ‘இன்னும் கொஞ்சம் போகலாமா?’ என்று கேட்டார்கள். அடிக்கு 80 ரூபாய் என்ற நினைப்பில் ‘போங்க’ என்றார். 500 அடிக்குக் கீழே ஒவ்வோர் அடியும் 120 ரூபாய் என்று தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பாரா? நிறுத்தாமலும் இருந்திருக்கலாம், 580 அடியில்தான் நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் யோசித்து முடிவு செய்திருப்பார். அந்த யோசனைக்கே இடம் கொடுக்கவில்லை.

துளைக்குள் ராடுகள் இருக்கும்போது, நள்ளிரவில், தோட்டத்தில் தனியாக நிற்கும் ஒருவர் என்ன பேரம் பேச முடியும்? பணம் முழுதாக வந்தால்தான் வண்டி நகரும் என்றார்கள். விதை மஞ்சளுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். மஞ்சளுக்கு ஏக்கருக்கு 800 கிலோ வரை விதைக் கிழங்கு வேண்டும். 2 ஏக்கரில் நடுவதாக இருந்த மஞ்சள் அந்த ஆண்டு ஒரு ஏக்கரோடு நின்றது. மற்ற ஏக்கரில் மாட்டுக்குச் சோளம் விதைத்தார். தண்ணீர் இருந்தது, நடுவதற்குக் கிழங்கு இல்லை.

நேர்மையானவருக்கு என்ன ஆனது?

சில மாதங்கள் கழித்து, முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாரே, அந்த இரண்டாவது கம்பெனிக்காரரைப் பேருந்து நிலையம் அருகே ஒரு டீக்கடையில் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவர் கோபப்படவில்லை.

“அதை விடுங்க சார். அந்த மாசம் நாலு பேருக்கு அப்படித்தான் விவரமா எழுதிக் குடுத்தேன். ஒருத்தர்கூடக் கூப்பிடலை. இப்ப நானும் அடி ரேட் மட்டும்தான் எழுதறேன். வண்டிக்கு டியூ கட்டணுமில்ல?”

மாமாவின் ஒரு லட்சம் ரூபாய் பில்லைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் உறுத்தியது. உள்ளதை உள்ளபடி எழுதிய ஒருவரை, எழுதக் கூடாது என்ற முடிவுக்குத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். ‘அடி எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அந்த ஒரே எண்ணை வைத்து முடிவெடுத்தால், அந்த எண்ணைக் குறைத்துக் காட்டுபவர்தான் ஜெயிப்பார். மற்றதையெல்லாம் எங்கேயாவது ஒளித்துத்தான் ஆக வேண்டும்.

இதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். நல்ல காரையும் பழுதான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், நல்ல காரை விற்பவர் உரிய விலை கிடைக்காமல் சந்தையை விட்டே விலகிவிடுவார், பழுதானவைதான் மிஞ்சும் என்றார் அவர். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஊர் டீக்கடையில் நான் பார்த்ததும் அதுதான். என்ன, நம்மவர் சந்தையை விட்டு விலகவில்லை, சந்தையின் வழிக்கு மாறிவிட்டார்.

எனவே, மறைந்த செலவு என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் முடிந்துவிடும் விவகாரம் அல்ல. அது அதே தொழிலில் இருக்கும் நேர்மையான இன்னொருவரின் வேலையைப் பறிக்கிறது. அடுத்த முறை அவரையும் பொய் சொல்ல வைக்கிறது.

டிராக்டரிலும் சொட்டுநீரிலும்

போருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல இது. யூரியா மூட்டையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கிறது. மருந்து டப்பாவிலும் இருக்கிறது. எல்லா வரிகளும் உட்பட என்று போட்டாக வேண்டும் என்பது விதி. ஆனால் நாம் பெரிய தொகை கொடுத்து வாங்குபவற்றில் பலவற்றுக்கு அச்சிட்ட விலை கிடையாது. கொட்டேஷன்தான் விலை.

டிராக்டரை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ஷோரூம் விலை. அதற்கு மேல் பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், கொக்கி, மேற்கூரை, ‘ஹேண்ட்லிங்’ கட்டணம், கடன் என்றால் பரிசீலனைக் கட்டணம் என்று வரிசையாக வரும். வரியிலும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்றால், முன்பு 96,000 ரூபாய் வரி; இப்போது 40,000 ரூபாய். 56,000 ரூபாய் வித்தியாசம். ‘வரி தனி’ என்று மட்டும் எழுதிய கொட்டேஷனில் இந்த 56,000 உங்கள் பைக்கு வந்ததா, விலைக்குள் கரைந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அடிப்படை விலை, வரி விகிதம், வரித் தொகை மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் வேறொரு வகை. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ‘100 சதவீதம் என்றால் ஒரு பைசா செலவில்லை’ என்று புரிந்துகொள்கிறோம். சிலர் அப்படியே சொல்லியும் விற்கிறார்கள். மானியம் என்பது பயிர் இடைவெளிக்கும் பரப்புக்கும் ஏற்ப அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டது. அதற்கு மேல் போடும் கூடுதல் குழாய், பெரிய வடிகட்டி போன்றவை விவசாயியின் கணக்கு. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. குழாய் எல்லாம் தோட்டத்தில் வந்து இறங்கிய பிறகு சொல்வதுதான் தவறு.

இணையத்தில் விற்பவர்களுக்கு இது குறித்து விதியே வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று, முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கட்டணத்தைச் சேர்ப்பது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘டிரிப் பிரைசிங்’, அதாவது சொட்டுச் சொட்டாக விலை சொல்வது. தண்ணீரைச் சொட்டாக விடுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். விலையை அப்படி விடக் கூடாது.

எங்கள் துண்டறிக்கையிலும்...

கம்பெனிகளை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த இரவுக்குப் பிறகு, நான் எழுதிய பயிற்சிக் கையேடுகளை எடுத்துப் பார்த்தேன். ‘சொட்டுநீர் அமைத்தால் நீர் மிச்சம், கூலி மிச்சம், மகசூல் கூடுதல்’ என்று எழுதியிருந்தேன். வடிகட்டியைச் சுத்தம் செய்ய ஆகும் நேரம், உப்பு நீரால் அடைக்கும் சொட்டுவான்களுக்கு அமிலக் கழுவல், எலி கடித்த பக்கவாட்டுக் குழாய்களை மாற்றும் செலவு எதுவும் அதில் இல்லை. அறுவடையான மஞ்சளை வேகவைத்து, மெருகேற்றி, விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் செலவையும் ‘இதர செலவுகள்’ என்ற ஒரு வரியில் அடக்கியிருந்தேன். எனக்கு இவையெல்லாம் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. கம்பெனிக்கு வைத்த அளவுகோலை எனக்கும் வைத்தால் நானும் தேற மாட்டேன். இப்போது அவற்றைத் தனித்தனியாக எழுதுகிறேன்; லாபம் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

கணக்கில் எதை விடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலையை நிர்ணயிக்கும்போது சொந்த நிலத்தின் வாடகையையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்த ‘சி2’ செலவைக் கணக்கிடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவர் அவர். விளைபொருளை விற்கப் போகும் இடத்தில் தரகு, சுமைக் கூலி, எடைக் கழிவு என்று பிடித்தம் போனதன் வலியும் அவருக்குத் தெரியும். அதே விழிப்பு வாங்கப் போகும் இடத்திலும் வேண்டும்.

போர் போடும் முன் கேட்க வேண்டியவை

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, எல்லாக் கம்பெனிகளிடமும் அதே தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மாதிரி கொட்டேஷன் வாங்கினால் ஒப்பிட முடியாது.

1. எத்தனை அடி வரை ஒரே ரேட்? அதற்குக் கீழே ஒவ்வொரு 100 அடிக்கும் என்ன ரேட்?

2. துளையின் விட்டம் என்ன? கேசிங் பைப்பின் விட்டம், தரம், அடி விலை என்ன? குறைந்தபட்சம், அதிகபட்சம் எத்தனை அடி ஆகலாம்?

3. வண்டி வாடகை, ஆட்கள் பேட்டா, சாப்பாடு, பிளஷிங், வெல்டிங், மூடி எல்லாம் ரேட்டில் அடக்கமா, தனியா?

4. குறைந்தபட்சம் இத்தனை அடிக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா?

5. பாதியில் மண் சரிந்தாலோ ராடு சிக்கினாலோ அந்தச் செலவு யாருடையது?

6. ஏஜென்ட்டுக்கோ பாயிண்ட் பார்த்தவருக்கோ இதில் கமிஷன் போகிறதா?

7. வரி உட்படவா, தனியா? பில் கொடுப்பீர்களா?

8. தண்ணீர் வராவிட்டால் குழியைப் பாதுகாப்பாக மூடிக் கொடுப்பது யார், அதற்கு என்ன செலவு?

கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. வறண்ட குழியை மூடுவது பணம் மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல.

நிரப்பிய தாளை வைத்து 400 அடி, 600 அடி, 800 அடி என்று மூன்று ஆழத்துக்கும் மொத்தச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 400 அடிக்கு மலிவாக இருப்பவர் 800 அடிக்கு விலை அதிகமானவராக இருக்கக்கூடும். உங்களிடம் உள்ள பணத்துக்கு எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதை வண்டி வரும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 100 அடிக்கு ஒருமுறை ராடுகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பதும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விலை விஷயத்தில் தவறான எண்ணத்தை உண்டாக்குவதை நேர்மையற்ற வணிக முறை என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வசூலித்தாலும் புகார் செய்யலாம். இங்கேதான் எழுத்தில் உள்ள கொட்டேஷன் உதவும். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்.

‘விவசாயம் தொழில்தானே, விவசாயி எப்படி நுகர்வோர் ஆவார்?’ என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலுக்கு வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்குகிறது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றமும், விவசாயிகள் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாம் என்று தீர்ப்பளித்தது.

கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

மாமா புகார் கொடுக்கவில்லை. கையில் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டும், அதில் இரண்டு வரியும்தான். “அடி 80 ரூபாதானே எழுதியிருக்கோம், முதல் 300 அடிக்கு 80தானே போட்டிருக்கோம்” என்று அவர்கள் சொன்னால் என்ன பதில் சொல்வது? எழுதியதில் பொய் இல்லை. எழுதாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது.

ஒரு தாள் செய்த வேலை

இந்தச் சித்திரையில் மாமாவின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர் போட நினைத்தார். மாமாவே அவரை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இந்த முறை நான் எந்தக் கம்பெனியையும் சொல்லவில்லை. மேலே உள்ள எட்டுக் கேள்விகளை அச்சடித்து மூன்று பிரதி கொடுத்தேன்.

ஒரு கம்பெனி, “இதெல்லாம் எழுத நேரமில்லீங்க, நம்பிக்கைதான் முக்கியம்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒன்று பாதி நிரப்பியது. இன்னொன்று முழுதும் நிரப்பி, கையெழுத்தும் போட்டுத் தந்தது. அது அந்த டீக்கடை நண்பருடையது. “இப்படிக் கேட்டா எழுதறதுக்கு எனக்கென்ன கசக்குதா?” என்றாராம். அவருடைய முதல் 300 அடி ரேட்தான் மூன்றிலும் அதிகம். வேலை அவருக்குத்தான் போனது.

520 அடியில் தண்ணீர் வந்தது. பில், தாளில் இருந்த கணக்கைவிட 600 ரூபாய் கூடுதல். பைப் தேவையான ஆழத்தை ஒன்றரை அடி தாண்டி இறங்கிவிட்டது என்று காரணம் சொல்லி, அதையும் பில்லில் எழுதியிருந்தார்.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு ரிக் வண்டி வரும்போதோ, டிராக்டர் ஏஜென்ட் வீட்டுக்கு வரும்போதோ, ‘என்ன ரேட்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுப்பவரின் எண் கொஞ்சம் பெரிதாக இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். நான் ஒருமுறை ஒதுக்கினேன். அதன் விலையை என் மாமா ஒரு ஏக்கர் மஞ்சளில் கொடுத்தார்.

(கட்டுரையாளர் உழவியல் துறை முனைவர், வேளாண் விஞ்ஞானி)